கேக்குதா தம்பி?

முதல் நாளே ஆல்வின் சொல்லித்தான் வைத்தான். "இத மாட்டிக்கிட்டீங்கன்னா நீங்க என்ன பேசினாலும் எனக்குக் கேக்கும்கா. பாத்துப் பேசுங்க."

புதிதாக நடிக்க வருகிற எல்லோரிடமும் அவன் சொல்கிற வார்த்தை அது. மைக் மாட்டியிருப்பதை மறந்துவிட்டு எதையாவது பேசித் தொலைத்து, அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கக் கூடாதே என்கிற நல்லெண்ணம், வேறொன்றுமில்லை. மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், கொஞ்ச நேரம் வாயைக் கட்டிக்கொள்வார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை. என்ன பேசினாலும் கேட்குமா என்று திரும்பவும் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அவள் என்ன பேசினாலும் கேட்கிற ஆள் என்று ஒருவன் இருந்து வெகு காலமாகியிருந்தது. புருஷன் சம்பந்தம் ஷேர் ஆட்டோ ஓட்டினவர், போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் உதயா ஓசூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். தங்கமான பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. தவறாமல் போன் பண்ணுவான். "இன்னாமா, சாப்ட்டியா?" என்பான். அவள் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, வேலையா கீறேன், வெச்சிடுறேன்" என்பான். பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியில் பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து, காய்ச்சலில் படுத்த பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் சுற்றிலும் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. விடுதி கைமாறி வேலையெல்லாம் கான்ட்ராக்டுக்குப் போனதும் பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஊரப்பாக்கத்தில் அந்த ஒற்றை அறையும் அவளும்தான்.

அக்கம்பக்கம் எல்லாம் ஷிப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகள். கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். சில நாள் சாயங்காலத்தில் பச்சையம்மா செல்போன் கம்பெனி நம்பருக்குப் போட்டு, ஒன்றை அமுக்கவும் இரண்டை அமுக்கவும் என்று ஒரு பெண் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எதையும் அமுக்கமாட்டாள். அந்தப் பெண் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும். யாராவது பார்த்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள், ஆனால் பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்.

அவளைத் தேடி வந்தது ஓவியா. அந்த விடுதியில் தங்கிப் படித்த பெண், பச்சையம்மாவின் கஞ்சியைக் குடித்து எழுந்தவள், இப்போது படம் எடுக்கிறாள். காணாமல் போன மகனைத் தேடி ஓர் அம்மா தினமும் ஏரியைச் சுற்றி வருகிற கதை. படம் முழுக்க அந்த அம்மாவுக்கு வசனம் இரண்டே வரி. மற்ற நேரமெல்லாம் நடக்க வேண்டும், உட்கார வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு உங்கள் முகம்தான் வேண்டும் என்றாள் ஓவியா. பச்சையம்மா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இந்த மூஞ்சிக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று தோன்றியது, உடனே சரி என்றுவிட்டாள்.

நம் ஊரில் ஏரிக்கரையில் வாயசைத்துவிட்டுப் போய், பிறகு ஸ்டுடியோவில் ஏசி போட்டுக்கொண்டு குரல் கொடுப்பதுதான் வழக்கம். ஓவியா அது ஆகாது என்றாள். அந்த அம்மாவின் செருப்புச் சத்தம், மூச்சு, பெருமூச்சு எல்லாம் அந்த இடத்திலேயே பிடித்ததாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் குரோம்பேட்டையிலிருந்து ஆல்வினை அழைத்து வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவன், ஒல்லி, பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பான்.

மண்ணிவாக்கம் தாண்டி ஒரு ஏரி. பாதி வற்றிப்போய் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். மாதமோ ஆடி. ஆடி மாதத்தில் வெட்டவெளியில் சத்தம் பிடிக்க வந்தவனைப் பார்த்துக் காற்றுக்கே சிரிப்பு வந்திருக்கும். காற்று கொஞ்சம் ஓய்ந்தால் தலைக்கு மேல் தாம்பரத்துப் பயிற்சி விமானம் சுற்றும். அது போனால் மின்சார ரயில் ஊதும். ரயில் போனால் அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிக்கும். கோயில்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி அதை நிறுத்திவிட்டு வந்தால், எங்கிருந்தோ ஒரு ஆட்டுக்குட்டி கத்தும். ஆல்வின் யாரையும் திட்டாமல், மூங்கில் கம்பில் கட்டின ஆன்டெனாவின் அடியில் கறுப்புக் குடையை நட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தான்.

மைக்கை மாட்டிவிடுவது ஷீலாவின் வேலை. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், சேலையூர்க்காரி, கலகலப்பானவள். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மைக், அதற்கு ஒரு சின்ன ரோமக் குல்லாய், அதை ரவிக்கைக்குள் நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, ஒயரை இடுப்புக்குக் கொண்டுபோய் ஒரு குட்டிப் பெட்டியில் சொருகுவாள். காலையில் ஒட்டினால் சாயங்காலம்தான் எடுப்பது. கேமரா இந்தக் கரையில். பச்சையம்மா நடந்துபோய் எதிர்க்கரைப் பூவரச மரத்தடியில் நிற்க வேண்டும். அங்கேயிருந்து பார்த்தால் மனிதர்கள் கட்டைவிரல் உயரம்தான் தெரிவார்கள்.

அவ்வளவு தூரத்துக்குக் கத்தினாலும் கேட்காது. அதனால் ஓவியா ஒரு சிவப்புத் துண்டை ஏற்பாடு செய்திருந்தாள். துண்டு மேலே போனால் நடக்க வேண்டும், கீழே வந்தால் நிறுத்த வேண்டும். முதல் நாள் மரத்தடியில் போய் நின்றதும் ஏதாவது பேசிப் பார்க்கச் சொல்லியிருந்தான் ஆல்வின். என்ன பேசுவதென்று தெரியாமல், "கேக்குதா தம்பி?" என்றாள். எதிர்க்கரையில், குடைக்கு அடியில், ஒரு கை மேலே உயர்ந்தது. பச்சையம்மாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முணுமுணுப்பது மாதிரிதான் பேசினாள், காற்று வேறு பிய்த்துக்கொண்டு போனது, ஆனாலும் அவ்வளவு தூரத்தில் ஒருவன் கேட்டுவிட்டுக் கை தூக்குகிறான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே நேரம் கொள்ளை கொள்ளையாகக் கிடந்தது. மேகம் வந்தால் வெயிலுக்குக் காத்திருப்பார்கள், வெயில் வந்தால் விமானம் போகக் காத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கரைக்கு நடந்து திரும்ப முடியாது என்பதால் பச்சையம்மா மரத்தடியிலேயே உட்கார்ந்துகொள்வாள். முகத்தை இந்தப் பக்கம் வைத்தே உட்காருங்கள், முதுகைத் திருப்பினால் சிக்னல் விட்டுப்போகிறது என்று ஆல்வின் சொல்லியனுப்பியிருந்தான். அதையும் அவள் தனக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டாள். பேசுகிறவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிற பிள்ளை, நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் காற்றைப் பற்றிச் சொன்னாள், மரத்தில் ஏறும் கட்டெறும்பைப் பற்றிச் சொன்னாள். பிறகு விடுதிப் பிள்ளைகள், அவர்கள் காதல், அவர்கள் சண்டை. பிறகு உதயா சின்னதில் திக்கித் திக்கிப் பேசினது, இப்போது அதிகாரி மாதிரி பேசுவது. செல்போன் கம்பெனிப் பெண்ணைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும்போது "கேக்குதா தம்பி" என்று கேட்டுக்கொள்வாள். எதிர்க்கரையில் குடையும் அதற்கடியில் ஓர் உருவமும் அசையாமல் இருக்கும். எப்போதும் கை தூக்குவான் என்று எதிர்பார்க்க முடியுமா, வேலை செய்கிற மனிதன்.

ஆனால் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. இந்த நைலான் சேலை உடம்பில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது தம்பி என்று ஒருநாள் புலம்பினாள். மறுநாள் காலையில் ஷீலா பருத்திச் சேலையோடு வந்து, ஆல்வின் அண்ணன் மாற்றச் சொன்னார் என்றாள். வெயிலில் நாக்கு வறண்டுபோகிறது என்று சொன்ன அன்றைக்கே, இனிமேல் அக்கா கையில் தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும் என்று அவனிடமிருந்து உத்தரவு வந்தது. கண்ணாடி வளையல் கையை அறுக்கிறது என்றாள், இரண்டு நாளில் வளையல் ரப்பராக மாறியது. பெற்ற பிள்ளை கேட்காததை எல்லாம் இவன் கேட்கிறானே என்று பச்சையம்மா பூரித்துப்போனாள். மரத்தடியில் உட்கார்ந்து அந்தப் புளியங்கொட்டையைப் புடவைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

சம்பந்தம் செத்த கதையையும் அந்த மரத்தடியில்தான் சொன்னாள். அதை அவள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. காலையில் சின்னச் சண்டை. சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும், பசித்தால் தானாக வருவார் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். வண்டலூர் ஸ்டாண்டில் சீட்டில் சாய்ந்தபடியே போயிருக்கிறார், தூங்குகிறார் என்று வெகு நேரம் யாரும் எழுப்பவில்லை. அவள் விடுதியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கையோடு போனை வாங்கியதால் அது வழுக்கி விழுந்தது, திரும்ப எடுத்து யார் என்று கேட்டாள். இவ்வளவும் சொல்லிவிட்டு, "அவரு பசியோட பூட்டாரு தம்பி" என்றாள். சொன்னபிறகு நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கினது நிஜம். அன்றைக்கு ஆல்வின் மைக்கைத் திரும்ப வாங்கும்போது வழக்கம்போல் "வரேன்கா" என்று மட்டும் சொன்னான். நாகரிகம் தெரிந்தவன், நாலு பேர் நடுவில் கேட்கமாட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மறுநாள் ஆடி ஞாயிறு, படப்பிடிப்புக்கு விடுமுறை. திங்கட்கிழமையோடு அவள் பாகம் முடிந்துவிடும். மைக்கைக் கழற்றிவிட்டால் அப்புறம் யாரிடம் பேசுவது? இத்தனை நாள் கேட்டவன் ஒரு தடவை எதிரே உட்கார்ந்து பதில் பேச வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது மட்டும் நடந்துவிட்டால் அந்த அறைக்குள் இன்னும் பத்து வருஷம்கூட இருந்துவிடலாம் போலத் தோன்றியது.

"கேக்குதா தம்பி? நாளிக்கி வூட்ல கூழ் காச்சுறேன். நீ வரணும்" என்று ஆரம்பித்தாள். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எந்த மளிகைக் கடையை ஒட்டிய சந்து, எந்தக் கதவில் வேப்பிலை சொருகியிருக்கும் என்று விளக்கமாகச் சொன்னாள். உங்க ஆளுங்க அம்மன் கூழைக் குடிப்பீங்களோ மாட்டீங்களோ, எதுக்கும் மீன் குழம்பும் வைத்துவிடுகிறேன் என்றாள். அவர் போன பிறகு வீட்டில் கூழ் ஊற்றவே இல்லை, கோயிலில் தூக்குவாளியில் வாங்கி வந்து குடிப்பதோடு சரி என்பதையும் சொன்னாள். கடைசியாக ஒன்று கேட்டாள். "வர்றதுன்னா கைய தூக்கு தம்பி. நான் பாத்துகினு கீறேன்."

பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்று ஏரித் தண்ணீரைச் சுருக்கிச் சுருக்கி விட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குடைக்கடியிலிருந்து உருவம் எழுந்து நின்றது. நின்று, வலது கையை நன்றாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலே தூக்கியது.

அன்றைக்குக் கடைசி ஷாட்டில் மகனைக் காணாத அம்மாவின் முகத்தில் இன்னும் கொஞ்சம் துக்கம் வேண்டும் என்று ஓவியா சொல்லியனுப்பினாள். பச்சையம்மாவால் அன்றைக்குத் துக்கத்தை வரவழைக்க முடியவில்லை.

கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்துவிட்டாள். ஞாயிறு காலையில் வாசல் கூட்டி, பெரிய கோலமாகப் போட்டு, கதவில் வேப்பிலை சொருகி, நொய் வேகவைத்துக் கூழ் காய்ச்சினாள். சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. கூடுவாஞ்சேரிக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்து தனியாக ஒரு குழம்பு. வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டாள், கீழே உட்காரச் சொன்னால் அந்தப் பிள்ளையின் பேன்ட் கசங்கும் என்று. எல்லாம் முடித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

சந்துக்குள் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். ரயில் வந்து போகும் சத்தம் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு ரயிலுக்கும், இறங்கி, படியேறி, மளிகைக் கடையைத் தாண்டி வருகிற நேரத்தை மனசுக்குள் கொடுத்துப் பார்த்தாள். வெயில் தலைக்கு மேல் போய் அந்தப் பக்கம் இறங்கியது. மீன் குழம்பில் எண்ணெய் மிதந்து அடங்கி ஏடு கட்டியது. அவனுடைய போன் நம்பர் அவளிடம் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டாள், கை தூக்கினவன் வராமல் போனால் கூப்பிட்டுக் கேட்பது அவளுக்கு அசிங்கம்.

வெயில் தாழ்ந்ததும் கூழ்ப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். காய்ச்சின கூழை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாது, நாலு வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்களுக்கும், அடுக்குமாடி கட்டுகிற வடநாட்டுப் பிள்ளைகளுக்கும் சொம்பு சொம்பாக ஊற்றினாள். நின்றபடியே குடித்தார்கள், நல்லா இருக்கு என்றார்கள், போய்விட்டார்கள். காலிப் பானையோடு திரும்பி வந்து அந்த நாற்காலியைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வரமுடியாதவன் எதற்குக் கையைத் தூக்க வேண்டும்? தொண்டைத் தண்ணி வற்ற உள்ளதெல்லாம் கொட்டினேனே, என்னைப் பார்த்தால் இளிச்சவாய் மாதிரி இருக்கிறதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஷீலா மைக்கை ஒட்டும்போது பச்சையம்மாவால் அடக்க முடியவில்லை. "உங்க சவுண்டு அண்ணன் வர்றேன்னு சொன்னா வரமாட்டாரா?" என்று கேட்டாள். எங்கே வருவதாகச் சொன்னார் என்று ஷீலா திருப்பிக் கேட்க, சேலை, தண்ணீர், வளையல் எல்லாம் சொன்னதும் கிடைத்ததையும் சனிக்கிழமை கை தூக்கின விவரத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஷீலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, கட் சொன்னதுமே அவர் உங்க மைக்க மூடிடுவார்."

"மூடினா?"

"மூடினா ஒன்னும் கேக்காது. அடுத்த ஷாட்டுக்குத்தான் திரும்பத் தொறப்பார்."

ஷீலா நல்ல பெண், புண்ணை ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் மேலும் சொன்னாள். முன்னே ஒரு படத்தில் யாரோ ஒருவர் மைக் இருப்பதை மறந்து வீட்டு விவகாரம் பேசியது ஆல்வின் காதில் விழுந்துவிட்டதாம். அடுத்தவர் பேச்சைத் திருட்டுத்தனமாகக் கேட்டது மாதிரி ஆகிவிட்டதே என்று மனுஷன் நொந்துபோனாராம். அன்றிலிருந்து ஷாட் முடிந்தால் முதல் வேலை குமிழை இறக்குவதுதான், அதில் அவர் படு கறார். நைலான் சேலை மைக்கில் உரசி கரகரவென்று சத்தம் வந்தது, அதனால் பருத்தி. நாக்கு வறண்டால் பேசும்போது உதட்டில் சளக் சளக்கென்று கேட்கும், அதனால் தண்ணீர். கண்ணாடி வளையல் குலுங்கினது, அதனால் ரப்பர். சனிக்கிழமை கை தூக்கினது விமானம் போய்விட்டது, எடுக்கலாம் என்று ஓவியாவுக்குக் காட்டின அடையாளம்.

"இதப் போய் யார்ட்டயும் சொல்லாத கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு பச்சையம்மா எதிர்க்கரைக்கு நடந்தாள்.

ஆல்வின் மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே போய்விட்டது. மானஸ்தன், அவன் மேல் என்ன தப்பு. கோபம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிடக் கொடுமையாக இருந்தது. விடுதிப் பிள்ளைகள் கதை, உதயா திக்கிப் பேசினது, பசியோடு போன மனுஷன், எல்லாவற்றையும் ஒரு காலி ஏரிக்குச் சொல்லியிருக்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்தபோது வெட்கத்தில் காது சுட்டது. அன்றைக்கு ஷாட்டுக்கு நடுவே அவள் வாயே திறக்கவில்லை. கட்டெறும்பு பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. காற்று அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அந்த அறையைவிட இந்த ஏரிக்கரை பெரிய தனிமையாக இருந்தது.

மாலை வெயில் மஞ்சளானபோது கடைசி ஷாட்டும் முடிந்தது. ஷீலா பாதி தூரம் ஓடி வந்து கைகளைக் குவித்துக் கத்தினாள். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி, ஆம்பியன்ஸ் எடுக்க வேண்டும் என்றாள். ஒரு இடத்தில் வேலை முடிந்ததும் ஆல்வின் கடைசியாகச் செய்வது அது. எல்லோரும் அவரவர் நின்ற இடத்தில் அசையாமல், பேசாமல் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்த இடத்தின் வெறும் சத்தத்தை மட்டும் அவன் பிடித்துக்கொள்வான். வசனத்துக்கு இடையில் ஒட்டுப்போட அது வேண்டும், அதுவும் அக்காவின் மைக்கிலேயே, அக்கா இருக்கிற இடத்திலேயே வேண்டும். பச்சையம்மா தலையாட்டினாள்.

கோயிலில் சொல்லி ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தார்கள். சிவப்புத் துண்டு மேலே போனது. அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரும் சிலையானார்கள்.

இப்போது திறந்திருக்கிறது என்று பச்சையம்மாவுக்குத் தோன்றியது. இத்தனை நாளில் இந்த நிமிஷம்தான் அவன் நிஜமாகத் தன்னிடம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இப்போது பார்த்து நான் பேசக் கூடாது. ஆடிக் காற்றும் என்ன நினைத்ததோ, ஓய்ந்துவிட்டது. தண்ணீர் ஓரத்தில் ஒரு கொக்கு காலை எடுத்து வைத்தது கேட்டது. எங்கோ ஒரு ரயில் போனது. அவரு பசியோட பூட்டாரு தம்பி என்று திரும்பச் சொல்ல வாயெடுத்தாள், பல்லைக் கடித்து அடக்கினாள். வாயை அடக்கலாம், கண்ணை அடக்க முடியவில்லை. சத்தம் வரக் கூடாது, வரக் கூடாது என்று மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிடித்த மூச்சு ஒரு விசும்பலாக உடைந்து வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று.

துண்டு கீழே வரவில்லை. குடைக்கடியில் இருந்த உருவம் தலையை நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தது. பிறகுதான் துண்டு இறங்கியது.

ஆல்வின் வறண்ட ஏரிக்குள் இறங்கி நடந்து வந்தான். திட்டு வாங்கப்போகிறோம் என்று பச்சையம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவன் வந்து, மூச்சு வாங்க, அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இத்தனை நாளில் அவன் அந்த மரத்தடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"அழுதீங்களாக்கா?"

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் கீழே மண்ணைப் பார்த்தாள். ஆல்வினும் என்ன ஏது என்று துருவவில்லை. விமானச் சத்தம் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்று ஓவியாவிடம் சொல்லிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னான். அன்றைக்கு மாலையில் விமானமே பறக்கவில்லை.

எழுந்து நாலடி போனவன் திரும்பினான். "காலைல ஷீலா சொல்லுச்சு. எனக்குத் தெரியாதுக்கா." சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான். "நான் அங்க போனதும் தொறந்து வெக்கிறேன். பேசுங்க. முடிஞ்சப்பறம்தான் துண்டத் தூக்கச் சொல்வேன்."

அவன் போய்ச் சேரும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு சிறுத்துச் சிறுத்துப் போய்க் கட்டைவிரல் உயரமானது. குடைக்கடியில் உட்கார்ந்தது. கை காதுக்குப் போனது.

இத்தனை நாள் வாய் ஓயாமல் பேசினவளுக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? கூழிலிருந்தா, அவரிடமிருந்தா? எல்லோரும் காத்திருக்கிறார்கள், வெளிச்சம் வேறு போய்க்கொண்டிருக்கிறது. "கேக்குதா தம்பி?" என்றாள்.

வலது கை மேலே உயர்ந்தது.

பச்சையம்மா அந்தக் கையை நம்பவில்லை. சனிக்கிழமை பட்டது போதும். அது ஓவியாவுக்குக் காட்டின கையாக இருக்கலாம், ஈயை ஓட்டின கையாகக்கூட இருக்கலாம்.

"நெசமா கேக்குதுன்னா ரெண்டு கையும் தூக்கு" என்றாள்.

எதிர்க்கரையில் ஆல்வின் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி அவனைப் பார்ப்பது தெரிந்தது. ஓவியா ஏதோ கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல், கையை இறக்காமல், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறான். காற்று மறுபடி கிளம்பி அவன் சட்டையைப் படபடவென்று அடித்தது. பச்சையம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இந்தத் தடவை எதையும் அடக்கவில்லை.

"எறக்கு தம்பி, கை வலிக்கப் போவுது" என்றாள்.

அவன் கையை இறக்கினான்.